ஊசிமுனைத் துளியும் கண்ணாடித் தட்டும்

கல்லூரி ஆய்வுகூடத்திலே வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தட்டில் இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் உயிர்க்கலங்களை முதன்முதற் கண்ட நாளை எம்மிற் பலர் மறந்திரார். தோல் மடிந்தால் வேறொன்றை உரித்துக்கொண்டோம். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த துளி கெடுமாயின், அவர் மீண்டும் ஊசிக்கு உடலைக் கொடுத்தல் வேண்டும். ஆதலின் அத்துளியைத் தட்டில் அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

கட்டியை ஊசியாற் குத்திக் கலங்களை உறிஞ்சிச் சோதிக்கும் முறைபற்றி நியூயோர்க் நகரத்து மாட்டின், எல்லிஸ் என்போர் 1930 இல் எழுதினர். பின்னர் சுவீடன் நாட்டு வைத்தியர்கள் மெல்லிய ஊசியைக் கையாண்டு அதனை வளர்த்தனர். இன்று வழங்கும் ஊசியின் வெளிவிட்டம் பெரும்பாலும் 0.5 முதல் 0.7 மில்லிமீற்றர் வரையே.

கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் கட்டியை உதாரணமாகக் கொள்வோம். உறிஞ்சலை நிறுத்திய பின்னரே ஊசியை வெளியே எடுத்தல் வேண்டும். இன்றேல் கலங்கள் பீச்சுகுழலினுட் சென்றுவிடும். பின் ஊசியைக் கழற்றி, குழலினுட் காற்றை இழுத்து, ஊசியை மீண்டும் பூட்டுக. அதன் சரிந்த வாயைத் தட்டின்மேல் வைத்துச் சிறு துளியொன்றை வெளியேற்றுக. இரண்டாவது தட்டை மெல்ல அதன்மேல் வைத்து, துளி பரவியதும், அழுத்தாது இழுத்துப் பிரித்தல் வேண்டும். அழுத்தினாற் கலங்களின் கருக்கள் நசுங்கி நூல்போல் நீளும். தாமதித்தாற் குருதி உறைந்து கலங்களைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

இப்பொழுது தட்டுகள் இரண்டு உள. ஒன்றை உலருமுன் 95 வீத எதயில் அற்ககோலில் அமிழ்த்திப் பப்பனிக்கொலா முறைப்படி சாயமூட்டுவர். இதிற் கருவின் நுட்பங்கள் தெளிவுறும். தைரொயிட்டுப் புற்றுநோய் வகையொன்றைக் காட்டிக்கொடுக்கும் கருவின் வரிப்பள்ளங்களை இதிலே நன்கு காணலாம். மற்றதைக் காற்றில் விரைந்து உலர்த்திக் கீம்சா போன்ற சாயமிடுவர். இதிற் கலங்கள் விரிந்து பெரிதாய்த் தோன்றும். கருவைச் சூழ்ந்த பகுதியும், சுரப்பி சுரந்த கூழ்ப்பொருளும் நன்கு புலப்படும். ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புவதால் இரண்டும் வேண்டற்பாலன.

ஆனால் பாதி உலர்ந்தபின் அற்ககோலில் இட்ட தட்டு எம்முறைக்கும் உதவாது. அதிற் கருக்கள் வீங்கி மங்கும். வரிப்பள்ளம் இருந்ததா இல்லையா எனக் கூறல் அரிதாகும். மெல்லிய பூச்சு உலரச் சில விநாடிகளே செல்லுமாதலின், ஊசியை எடுக்குமுன்னரே அற்ககோற் பாத்திரம் திறந்து அருகில் இருத்தல் வேண்டும்.

நோயாளியின் பெயரையும் இலக்கத்தையும் தட்டின் சொரசொரப்பான முனையிற் பென்சிலால் எழுதுக. மை அற்ககோலிற் கரைந்துவிடக்கூடும். பெயரழிந்த தட்டினால் ஒருவரின் நோய் மற்றொருவர்மேற் சுமத்தப்படலாம். நோயுற்றவர் நலமெனக் கருதி வீடு திரும்பவும் கூடும்.

நோயின் முடிபைக் கூறுபவர் நிபுணரே. எனினும் தட்டு காட்டாததை அவரும் காணமாட்டார். வைத்தியத் துறையை நாடும் எம் இளைய மாணவர், வெங்காயத் தோலை மடிப்பின்றி விரிக்கும் பயிற்சியையும் சிறிதென எண்ணாதிருப்பாராக.