முதலில் சிலபஸ், அப்புறம் யூடியூப்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்து பி.எஸ்சி. இயற்பியலுக்கு வரும் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ வரை தமிழிலோ உருதுவிலோ படித்தவர்கள். கல்லூரியில் புத்தகம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. டியூஷன் என்றால் ஊரில் நீட்டுக்குக் கிடைக்கும். குவாண்டம் இயக்கவியலுக்கு யார் எடுக்கிறார்கள்? மிஞ்சுவது போனும் அன்றாட டேட்டாவும்தான்.

எதையும் தேடுவதற்கு முன் சிலபஸ் தாளைக் கையில் எடுக்க வேண்டும். திருவள்ளுவர் பல்கலைக்கழகத் தேர்வை எழுதுபவரா, தன்னாட்சிக் கல்லூரியின் தனித் தேர்வை எழுதுபவரா என்பதைப் பொறுத்தே தேட வேண்டியது மாறும்.

ஆழமாகப் படிக்க, ஐ.ஐ.டி.க்களின் இணைய வகுப்புத் தளமான என்.பி.டெல். அதில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகளுக்கு ஈடானவை குறைவு. ஒரு சமன்பாடு ஏன் அந்த வடிவில் வந்தது என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு போவார். ஆனால் ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். செமஸ்டர் லீவில் உட்கார்ந்து கேட்கலாம்; பரீட்சைக்கு முந்தின வாரம் கேட்டால் பதற்றம்தான் கூடும். சான்றிதழ் வேண்டுமென்றால் பதிவு செய்து, வாராந்தர அசைன்மென்டுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 என்ற கணக்கில் தேற வேண்டும். மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாகக் கிரெடிட் கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

டேட்டா குறைவென்றால் எழுத்தே மேல். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹைப்பர்ஃபிசிக்ஸ் இணையதளத்தில் ஒரு கருத்து ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு மதிப்பெண் கேள்விக்குக் கச்சிதம். 1961-63இல் இயற்பியலாளர் ஃபெய்ன்மன் நடத்திய வகுப்புகளை கால்டெக் முழுதாக இணையத்தில் வைத்திருக்கிறது. அது நிதானமாகப் படிக்க வேண்டியது, குறிப்பெடுக்க அல்ல. ஆங்கிலம் தடுக்கிறதா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள் சில தமிழிலும் உண்டு.

செய்முறைக்கு அமிர்தா பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஆய்வகம். நியூட்டன் வளையங்களை முந்தின இரவே அதில் செய்து பார்த்தால், சோடியம் விளக்கின் முன் உட்காரும்போது எந்த வளையத்தை எண்ணுகிறோம், விட்டத்தின் வர்க்கத்தை ஏன் எடுக்கிறோம் என்ற குழப்பம் இருக்காது. ஆனாலும் பாதி அளவீட்டில் நுண்ணோக்கியின் திருகைப் பின்னால் திருப்பினால் வரும் பேக்லாஷ் பிழை, கை பட்டால்தான் புரியும். லேப் வகுப்புக்கு மட்டம் போட இது சாக்காகாது.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக நினைப்பவருக்கு இவை மட்டும் போதாது. அதற்கான நுழைவுத் தேர்வான ஜாம் 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். தவறிய கேள்விகள் எந்த யூனிட்டில் குவிகின்றனவோ, அந்த யூனிட்டுக்கு மட்டும் பாலகிருஷ்ணனிடம் திரும்பிப் போகலாம்.