எண்ணக் கோணலும் உள்ளத் துயரும்

குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வில் இருவர் தோல்வியுறுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் சில நாட்கள் வருந்தியபின், தமது தயாரிப்பில் குறை எங்கே என ஆராய முற்படுகிறார். மற்றவரோ, "நான் எதற்கும் உதவாதவன், இனி என் வாழ்வில் ஒன்றுமில்லை" என முடிவு கட்டி, ஊணும் உறக்கமும் இழக்கிறார். நிகழ்ச்சி ஒன்றே, துயரின் அளவு வேறு. இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாவது, நிகழ்ச்சிக்கு அவரவர் மனம் கற்பிக்கும் பொருளே.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021), மனச்சோர்வுற்றோரிடம் இவ்வுண்மையை 1960களில் விரிவாக ஆராய்ந்தார். தம்மைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் அவர்களிடம் இருண்ட எண்ணங்கள் தாமாகவே எழுவதை அவர் கண்டார். அறிதல்சார் சிகிச்சை முறை இதிலிருந்து வளர்ந்தது.

கோணலின் வகைகள்

முழு வெற்றி அல்லது முழுத் தோல்வி என இரண்டே நிலைகளைக் காண்பது ஒரு வகை. ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு வாழ்வு முழுவதையும் அளப்பது மற்றொன்று. மேலதிகாரி வணக்கத்தை ஏற்காமல் கடந்து சென்றால், "என்மீது அவருக்கு வெறுப்பு" என உறுதி கொள்வது பிறர் மனத்தைத் தாமே படிப்பதாகும். நேரக்கூடியவற்றுள் மிகக் கொடியதையே எதிர்பார்ப்பதும், பெற்ற நன்மைகளைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதும் இவ்வகையினவே.

திருத்தும் வழி

கோப்பில் வரும் குறிப்பை ஆதாரமின்றி ஏற்காத அலுவலர், தம் மனத்தில் எழும் குறிப்பை மட்டும் ஆராயாமல் ஏற்றுவிடுகிறார். அதற்கும் ஆதாரம் கேட்பதே இம்முறையின் அடிப்படை. நிகழ்ச்சி, எண்ணம், உணர்ச்சி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, எண்ணத்திற்குச் சார்பான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 5.92 இலட்சம் பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,624 பேர். நூற்றுவரில் 97 பேருக்கு மேல் தேர்ச்சி பெறவில்லை. அவர்கள் அனைவரும் உதவாதவர்களா? சான்றுகளை நோக்குபவர், "இம்முறை தேறவில்லை, மீண்டும் முயல்வதா, வேறு பணி தேடுவதா என முடிவு செய்ய வேண்டும்" என்னும் நிலைக்கு வரலாம். வருத்தம் மறையாது, ஆனால் செயலை முடக்கும் அளவுக்கு வளராது.

எல்லைகள்

நலமே விளையும் எனத் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்வது இதன் நோக்கமன்று. கடன் சுமை, அநீதி, அலுவலகத்தில் அவமதிப்பு ஆகியவை மெய்யான துன்பங்கள். அவற்றிற்குத் தேவை பரிகாரமே. குறை தீர்க்கும் பொறுப்புடையோர் மனுதாரரின் எண்ணத்தைக் குறை கூறித் தம் கடமையைத் தட்டிக் கழித்தல் தகாது.

துயர் வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, தாமே முயன்று திருத்தக் காத்திராமல் மனநல வல்லுநரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.