உப்பு மண்ணில் அறுகு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்ற வேண்டுமென்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த அறுகை வேரூன்ற வைக்க நான் பட்ட பாட்டையே இங்குச் சொல்ல வந்தேன்.

என் ஊர் மரக்காணம். பெற்றோர் இருவரும் உப்பளத் தொழிலாளர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். எங்கள் தெருப் பிள்ளைகள் கபடி ஆடும் இடம் கிளிஞ்சல் கலந்த மணல். விழுந்தால் முழங்கால் கிழியும். "புல்லைப் பத்தித்தானே படிக்கிற? இங்க கொஞ்சம் வெச்சுக் குடுண்ணா" என்றான் தம்பி. மறுக்க முடியவில்லை. சென்ற மாசியில் தொடங்கினேன்.

அறுகின் தாவரவியற்பெயர் சைனோடான் டாக்டிலான். முதற்சொல்லுக்கு நாய்ப்பல் என்பது பொருள். மேல்நாட்டார் பெர்முடா புல் என்பர். இதுவும் ஆப்பிரிக்க இனம் ஒன்றும் கலந்த கலப்பினமாக, அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் கிளென் பர்டன் தேர்ந்தெடுத்த 'டிஃப்வே' 1960இல் வெளிவந்து விளையாட்டுத் திடல்களில் பரவியது. நமக்கு வரப்பு அறுகே போதும். சுட்டெரிக்கும் வெயிலிலும் செழிக்கும், நிழல்தான் ஆகாது. தரைமேலும் தரைக்கடியிலும் தண்டோட்டிப் படரும். இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வழியே உப்பையும் ஓரளவு வெளியேற்றும். இவ்வளவும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்!

மூன்று கணு இருக்குமாறு கொடியை நறுக்கி, தொழுவுரமிட்ட மண்ணில் சாண் இடைவெளியில் ஊன்றினேன். அடிபம்பு நீர் சற்று உவர்ப்பானது. மாலைதோறும் பத்துக் குடம் தெளித்தேன். மூன்றாம் வாரம் இலைநுனிகள் கருகின. மண்மேல் வெள்ளை பூத்தது. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி, காலையிலும் தெளித்தேன். மேலும் கருகியது.

அப்பா வந்து பார்த்தார். "இன்னாடா, புல்லு வெக்கிறியா, உப்பு வெளைய வெக்கிறியா?" என்றார்.

கேலியென்று நினைத்தேன், அது பாடம். பாத்தியில் உவர்நீரை ஆழமின்றிப் பரப்பினால் வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுச் செல்லும். நான் செய்ததும் அதுவே. மேலாகத் தெளித்த நீர் கீழிறங்கவில்லை. ஆவியாகி உப்பை மேலே விட்டது. அடிமண்ணின் உவர்நீரும் நுண்புழை ஏற்றத்தால் மேலே வந்தது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 7 டெசிசீமன்ஸ் வரை அறுகின் வளர்ச்சி குன்றாது என்பது நூற்கணக்கு. கடல்நீருக்கு அது சுமார் 50. இடையில் எந்த அளவை நானே உண்டாக்கினேனோ, அளந்து பார்க்கக் கருவியில்லை.

அப்பாவிடம் வேறு அளவுகோல் இருந்தது. உமரி மட்டும் நிற்கும் இடத்தில் அறுகு வைப்பது வீண்; உமரியோடு அறுகும் கலந்து நிற்கிறதென்றால் அங்கே மழை உப்பைக் கழுவியிருக்கிறது என்றார். கரைமேட்டில் அறுகும், அதன் காலடியில் உமரியும் நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்தவன்தான் நான். ஏனென்று கேட்டதில்லை.

ஐப்பசி வரை காத்திருந்தோம். குடிநீருக்கே அம்மா வரிசையில் நிற்கும் ஊரில், புல்லுக்கு நல்ல தண்ணீரை வானம்தானே தர வேண்டும்? அதற்குள் இருவருமாக மணல் கொட்டி ஓரடி உயர்த்தினோம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். முதல் இரண்டு மழை உப்பைக் கழுவி இறக்கியது. அதன்பிறகே கொடி ஊன்றினோம். வேர் பிடித்தபின், மழையற்ற நாட்களில் தினமும் தெளிக்காமல், ஐந்து நாளுக்கொருமுறை ஆழ ஊறுமாறு பாய்ச்சினேன். உப்பு வேருக்குக் கீழே போக வேண்டும், அதுவே நோக்கம். அரிவாளால் அறுக்கும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மொட்டையாக அறுத்தால் வேரும் சுருங்கும்.

பொங்கலன்று பிள்ளைகள் அங்கே கபடி ஆடினார்கள். வடகிழக்கு மூலை மட்டும் பள்ளம். அங்கே இன்னும் உமரிதான். தம்பி அந்த மூலையை விட்டுவிட்டுக் கோடு போட்டான். மணல் இன்னும் இரண்டு வண்டி வேண்டும் என்கிறார் அப்பா.