மறுபடி வருமா டாக்டர்?

கணைய அழற்சியில் படுத்து எழுந்தவர், வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தவறாமல் இதைக் கேட்பார். வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, "அதெல்லாம் வராது, போங்க" என்று தோளைத் தட்டி அனுப்பிவிடாதீர்கள். முதல் தாக்குதல் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. யாருக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் காரணமே சொல்லிவிடும்.

1. ரான்சன், பிசாப் கணக்குகளை இதற்கு எடுக்காதீர்கள். இந்தத் தடவை நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதற்குத்தான் அவை. லைபேஸ் எத்தனை ஆயிரம் ஏறியது என்பதும் மறுவரவைச் சொல்லாது. மூன்றே நாளில் தேறி இட்லி சாப்பிட்டவர், காரணத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

2. பித்தப்பைக் கல்லை விடாமல் தேடுங்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஏ.எல்.டி. 150-ஐத் தாண்டியிருந்தால், ஸ்கேனில் தெரியாவிட்டாலும் கல்லைச் சந்தேகியுங்கள். வயிறு உப்பிக் கிடக்கும்போது எடுத்த ஸ்கேனில் கல் தப்பிவிடும். வலி அடங்கியதும் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

நான் பயிற்சியில் இருந்தபோது, கல்லால் நோய் வந்த ஓர் அம்மாவை, "ஆறு வாரம் கழித்து ஆபரேஷன்" என்று எழுதி அனுப்பினோம். பதினெட்டாம் நாள் இரவு மகன் ஆட்டோவில் தூக்கி வந்தான். அவன் சட்டைப் பையில் டிஸ்சார்ஜ் தாள் நான்காக மடிந்து, வியர்வையில் நனைந்து இருந்தது. கையெழுத்து என்னுடையது. அந்த அம்மா பிழைக்கவில்லை. நெதர்லாந்தில் 23 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நோய் லேசாக இருந்தவர்களில் அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்தவர்கள் ஒரு பக்கம், ஒரு மாதம் காத்திருந்தவர்கள் மறுபக்கம். கல்லால் வந்த சிக்கலோடு திரும்பி வந்தவர்களும் இறந்தவர்களும் முதல் பிரிவில் 5 சதவீதம், இரண்டாவதில் 17. கணையத்தைச் சுற்றி நீர் கட்டிய கடுமையான நோயாளிக்கு மட்டும் பொறுத்திருக்க வேண்டும். லேசானவரைக் காக்க வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

3. குடியைப் பற்றி மனைவி, பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து கேளுங்கள். "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது சார்" என்பார். "வாரத்துக்கு எத்தனை குவாட்டர்?" என்றால் கணக்கு வரும். பீடி, சிகரெட்டையும் சேர்த்துக் கேளுங்கள். புகை தனியாகவே ஆபத்தைக் கூட்டும். ஒருமுறை புத்தி சொன்னால் போதாது. பின்லாந்தின் தம்பெரே நகரில் நடந்த ஆய்வில், குடியால் இந்த நோய் வந்த எல்லோரிடமும் வார்டிலேயே நர்ஸ் ஒருமுறை பேசினார். பாதிப் பேரிடம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் பேசினார்கள். ஒருமுறை மட்டும் கேட்ட 61 பேரில் 13 பேருக்கு நோய் திரும்பியது. திரும்பத் திரும்பக் கேட்ட 59 பேரில் 5 பேருக்குத்தான். மருந்தே இல்லை, பேச்சுதான்.

4. டிரைகிளிசரைடை முதல் நாளே அனுப்புங்கள். பட்டினி போட்டு டிரிப் ஏற்றினால் இரண்டு நாளில் சரசரவென இறங்கிவிடும். பிறகு பார்த்துப் பயனில்லை. சோதனைக் குழாயை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீரம் பால்போல் வெளுத்திருந்தால் பாதி விடை கையில் இருக்கிறது. 1000-க்கு மேல் போனவர், சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் வராவிட்டால் திரும்பி வருவார்.

5. கால்சியம் இதற்கு நேர்மாறு. தாக்குதலின்போது அது இறங்கும், அதனால் அப்போது நார்மல் என்று வந்ததை நம்பாதீர்கள். குணமானபின் மறுபடி பாருங்கள். பாராதைராய்டு கட்டி ஒளிந்திருக்கலாம்.

6. "காரணம் தெரியவில்லை" என்று எழுதும் முன், மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அசதயோப்ரின், வால்ப்ரோயேட் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவருக்குச் சிறு கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில், மற்ற ஸ்கேனில் தப்பிய பொடிக்கல்லும் தெரியும். இளவயதுக்காரர் என்றால் குடும்பத்தில் யாருக்காவது இதே வலி உண்டா என்று கேளுங்கள். நம் தென்னிந்தியாவில் ஸ்பிங்க்-1 மரபணு மாற்றம் அரிதல்ல. திரும்பத் திரும்ப வரும் தாக்குதல்தான் பலருக்கு நாள்பட்ட கணைய நோயில் போய் முடிகிறது.

7. டிஸ்சார்ஜ் தாளின் கடைசியில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: எதனால் வந்தது, அடுத்து என்றைக்கு, எதற்கு வர வேண்டும். வீட்டார் ஒருவரை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.