ஏறின கியரிலேயே இறங்குவோம்



நாங்கள் லயத்தில் பிறந்து, இரத்மலானையில் கராஜ் வேலை பழகியவர்கள். ரயில்வே வேலைத்தளமும் விமான நிலையமும் உள்ள ஊர் அது. 101 பஸ் ஓடும் காலி வீதியை விட்டு உள்ளே போகும் ஒரு சந்தில்தான் எங்கள் கையில் முதலில் கிரீஸ் பட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் போதும், "தம்பி, இதை ஒருக்கா பாருங்களேன்" என்று வாசலில் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். பெரும்பாலும் க்ளச் அல்லது கியர் வியாதியாகத்தான் இருக்கும். அதனால் இந்த முறை பாடம் அதைப் பற்றியே.

நடந்த ஒன்று

எங்களில் ஒருவருடைய அண்ணன் லீசிங்கில் த்ரீவீலர் எடுத்து ஓட்டுகிறார். ஒரு நாள் காலை நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது "டக்" என்று கியர் விலகிவிட்டது. எஞ்சின் அலறுது, வண்டி பின்னால் உருளுது. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஹேண்டிலை மேட்டுப் பக்கம் திருப்பினார். பின் சக்கரம் தேயிலை மலையோரக் கானில் இறங்கி நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கானுக்கு எதிர்ப்பக்கம் பள்ளம்.

இரண்டு கிழமைக்கு முன்பே அந்தக் கியர் "ஒழுங்கா விழல்ல" என்று அவருக்குத் தெரியும். கராஜில் கேட்டபோது கியர் பொக்ஸ் முழுக்கக் கழற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகைக்குப் பயந்து தள்ளிப் போட்டுவிட்டார். பிறகு நாங்கள் பார்த்தபோது, கியர் வயர் ஒன்று நுனியில் நூல் நூலாகப் பிரிந்து இழுபட்டுக் கிடந்தது. வயரை மாற்றி இறுக்கியதோடு வியாதி போய்விட்டது.

சக்தி எப்படிச் சக்கரத்துக்குப் போகிறது?

எஞ்சினில் பிறக்கும் சக்தி முதலில் க்ளச்சுக்கு வருகிறது. அங்கிருந்து கியர்களுக்கும், பிறகு டிஃபரன்ஷலுக்கும் போகிறது. கடைசியில் இரண்டு அச்சுகள் வழியாகப் பின் சக்கரங்களைச் சேர்கிறது. க்ளச் என்பது ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டிருக்கும் தட்டுகள். லீவரைப் பிடித்தால் தட்டுகள் விலகும், விட்டால் ஒட்டும்.

நம் த்ரீவீலரில் எஞ்சினும் கியர் பொக்ஸும் பின்னால் இருக்கின்றன, நம் கையோ முன்னால் இருக்கிறது. இடையில் இருப்பது வெறும் வயர்தான். மழையும் தூசும் குண்டும் குழியுமான பாதையும் முதலில் கெடுப்பது அந்த வயரைத்தான். எங்களுக்கு வேலை பழக்கிய பாஸ் அடிக்கடி சொல்லுவார்: முதலில் காது, அடுத்தது கண், பிறகு வயர், கடைசியாகத்தான் ஸ்பேனர். பணம் குறைந்த இடத்திலிருந்து தேடிக்கொண்டு போ என்பதுதான் அதன் பொருள்.

நாலு அறிகுறிகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பாருங்கள்.

1. கியர் கரகரவென்று விழுகிறது, அல்லது விழவே மாட்டேன் என்கிறது. க்ளச் முழுதாக விலகவில்லை என்று அர்த்தம். லீவரில் வெறும் ஆட்டம் அதிகமாக இருக்கும். வயரை அளவாக இறுக்க வேண்டும். வயர் துருப்பிடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

2. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இது க்ளச் வழுக்கல். லீவரில் கொஞ்சம்கூட வெறும் ஆட்டம் இல்லை என்றால் வயர் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படியும் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்திருக்கும். ஒயிலையும் கவனியுங்கள். நாலு ஸ்ட்ரோக் த்ரீவீலரில் எஞ்சின் ஒயிலில்தான் க்ளச் நனைந்திருக்கிறது. மலிவு என்று கார் ஒயிலை ஊற்றினால், அதில் வழுவழுப்புக்காகச் சேர்க்கும் மருந்து க்ளச்சையும் வழுக்க வைக்கலாம். கேனில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் கியர் பொக்ஸுக்குத் தனி ஒயில். பெற்றோலில் கலக்கும் டூ-டீ ஒயில் அதுவல்ல.

3. விழுந்த கியர் தானாக விலகுகிறது. மிகவும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் பாரம் உள்ளபோதுதான் விலகும். முதலில் கியர் வயர்களைப் பாருங்கள். ஹேண்டிலில் உள்ள அடையாளத்துக்கு நேராக ஒவ்வொரு கியரும் விழுகிறதா? கியரில் போட்டுத் தள்ளிப் பாருங்கள், வண்டி தடுக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியும் கியர் மாறாவிட்டால் வயர் இழுபட்டிருக்கிறது. வயரைச் சரிசெய்த பிறகும் விலகினால் உள்ளே பற்களோ கியரைப் பிடிக்கும் பாகமோ தேய்ந்துவிட்டது. அப்போது கழற்றாமல் முடியாது. அதுவரை ஆள் ஏற்றவே கூடாது.

4. ஒயிலின் நிறம் மாறியிருக்கிறது. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி தெரிவது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு இரும்புத் துணுக்கு வந்தால் பல் உடைகிறது. உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

பெல்ட் வண்டிகள்

கியர் இல்லாத ஸ்கூட்டர் இப்போது லயங்களுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுப் பாதையில் போகும் நாலு சக்கர வண்டிகள் பலவற்றிலும் இதே முறைதான். கியருக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருக்கும். ஏற்றத்தில் ரப்பர் கருகும் வாசம் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. நின்று ஆற விடுங்கள். ஓடையைக் கடந்த பிறகு வண்டி இழுக்காவிட்டால் பெல்ட் கூட்டுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அது காயும்வரை முறுக்க வேண்டாம். நாலு சக்கர வண்டியில் 'லோ' இருந்தால் செங்குத்துப் பாதையில் அதையே போடுங்கள், பெல்ட் பிழைக்கும்.

இறக்கத்தில் ஒரு சட்டம்

பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. கியரில் இருக்கும்வரை எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகச் சூடாகப் பிடி குறையும். க்ளச்சைப் பிடித்துக்கொண்டே இறங்கினாலும் அதே கதிதான். எந்தக் கியரில் மலையை ஏறினோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும்.

கொழுந்து ஏற்றும் ட்ரக்டருக்கும் இதே சட்டம்தான். ட்ரெய்லர் தள்ளிக்கொண்டு வரும்போது க்ளச்சை மிதித்தால் பிறகு கியர் விழாது. ஹை, லோ மாற்றுவதை வண்டி நின்ற பிறகே செய்ய வேண்டும். ட்ரெய்லரில் ஏறும் அம்மாமார், அக்காமாருக்கும் ஒரு சொல்: ட்ரைவர் தம்பி நியூட்ரலில் விடுகிறார் என்று தெரிந்தால் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஏற்றத்தில் பாதி க்ளச்சில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கதைப்பதையும் விட்டுவிடுங்கள். அது க்ளச் தட்டைக் கையால் எரிப்பது மாதிரி. பிரேக்கைப் போடுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது, வயதும் ஏறியது. நம் பாதைகளில் ஓடுவதில் நிறைய அந்தப் பழைய வண்டிகள்தான். லீசிங் கட்ட வேண்டியதும் அதே வண்டி, பிரசவ வலி வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே வண்டி. ஆகவே ஒரு க்ளச் வயர், ஒரு கியர் வயர், ஒரு ஸ்பேனர், சக்கரத்துக்கு வைக்க ஒரு கட்டை ஆகிய நாலும் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். மாதம் ஒரு தரம் வயர் நுனிகளைத் துடைத்துப் பார்த்து இரண்டு சொட்டு ஒயில் விடுங்கள்.

கராஜுக்குப் போனால் "கியர் பொக்ஸ் போச்சு" என்று நீங்களே சொல்லிக் கொடுக்காதீர்கள். எப்போது விலகுகிறது, எந்தக் கியரில், ஏற்றத்திலா இறக்கத்திலா என்று மட்டும் சொல்லுங்கள். "வயரைப் பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலும் இளைஞர் கூட்டத்திலும் கலந்து பேச

1. எஞ்சின் அலறியும் வண்டி ஏறாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. வயரைச் சரிசெய்த பிறகும் கியர் விலகினால் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் தோட்டத்துப் பாதையில் நியூட்ரலில் விடும் இறக்கம் எது? அங்கே யார் யார் நடந்து போகிறார்கள்?
4. பிள்ளைகளை ஏற்றும் வண்டிகளை மாதம் ஒரு தரம் எல்லோருமாகச் சேர்ந்து பார்க்க ஒரு நாளைக் குறிக்கலாமா?

நாலாவது கேள்விக்கு மட்டும் பதிலோடு, திகதியையும் குறித்துவிடுங்கள். லீவில் வரும்போது நாங்களும் ஸ்பேனரோடு வந்து நிற்போம்.