காடிக்குள் தங்கும் செம்மண்

ஜூன் மாதத்துக் காலை. இரவு முழுக்கப் பெய்த மழை விடியும்போதுதான் ஓய்ந்திருந்தது. திருவனந்தபுரம் கவடியாரிலுள்ள கோல்ஃப் மைதானத்தில், கிரீனுக்கு எழுபது கஜம் முன்னால் ஈரப் புல்லில் கிடந்தது பந்து. அதே நகரின் ஸ்ரீவராகத்திலிருந்து வந்திருந்தவர் சாண்ட் வெட்ஜை எடுத்து, நிதானமாக அளந்து அடித்தார். அடி பிசகவில்லை. பந்து உயர்ந்து போய்க் கொடிக்கு இரண்டடி முன்னால் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. கிரீனைத் தாண்டி ஓடி, பின்பக்கச் சரிவில் புல்லுக்குள் மறைந்தது.

“என்ன சேட்டா, இப்படி ஓடிப்போச்சு?”

மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடிக்கு அறுபது வயதிருக்கும். பாதி வாழ்நாளை அந்தப் புல்லில் கழித்தவர். “பந்தைச் சொல்லாதீங்க சாரே. மட்டை முகத்தைப் பாருங்க” என்றார்.

பார்த்தார். வரிவரியாகத் தெரிய வேண்டிய எஃகு முகத்தில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. முந்தின இரண்டு குழிகளில் ஒட்டிய செம்மண்ணும் நசுங்கிய புல்லும் சேர்ந்து முகத்தை மெழுகிவிட்டிருந்தன. கேடி சட்டைப் பையிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, ஒரு வரியில் நுழைத்து இழுத்தார். மண் நூலாகச் சுருண்டு வெளியே வந்தது.

ஸ்ரீவராகத்துக்காரர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகர்கோவில். முப்பது ஆண்டுகளாக வீடு ஸ்ரீவராகம் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஐம்பத்திரண்டு வயதில் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். அந்த ஜூன் காலைக்கு முன்பு வரை மட்டையைக் கழுவுவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை. வாளித் தண்ணீர், சோப்பு, பழைய துணி, அவ்வளவுதான். “நான் மட்டையைப் பளபளப்பாக வைத்திருந்தேன். சுத்தமாக வைத்திருக்கவில்லை” என்று இப்போது சொல்கிறார். இந்த வேறுபாட்டை அவர் கற்றுக்கொண்ட விதம், மழைநாட்டில் கோல்ஃப் ஆடும் யாருக்கும் பயன்படும்.

தச்சர்கள் பலகையில் நீளவாக்கில் வெட்டும் பள்ளத்தைக் காடி என்பார்கள். அயர்ன், வெட்ஜ் மட்டைகளின் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களுக்கும் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. காடிதான் பந்தைப் பிடித்துச் சுழற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுழற்சியைத் தருவது எஃகும் பந்தின் மேலுறையும் உரசும் உரசல். இரண்டுக்கும் நடுவே தண்ணீரோ புல்லின் சாறோ புகுந்தால் பந்து வழுக்கி மேலேறிவிடும். அந்த ஈரமும் சக்கையும் ஒதுங்கிக்கொள்ள இடம் தருவதே காடியின் வேலை. காய்ந்த புல்வெளியில், சுத்தமான பந்தை அடிக்கும்போது காடியின் பங்கு குறைவு. ஈரப் புல்லிலும் நீண்டு வளர்ந்த ரஃபிலும்தான் அது தேவைப்படுகிறது. காடி அடைத்திருந்தால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் குறைந்துபோகும். பந்து கிரீனில் இறங்கியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொண்டால் போதும். கொத்திய அம்மியில் மிளகாய் நன்றாக அரைபடும். கொத்தின புள்ளிகளில் பழைய விழுது காய்ந்து அடைத்துக்கொண்டால் குழவி வழுக்கும். அம்மியைக் கழுவுவது ஒரு வேலை, அம்மியைக் கொத்துவது வேறு வேலை. கோல்ஃப் விதிகளும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

எவ்வளவு சிறிய இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முக்கியம். விதிப்படி ஒரு காடியின் அகலம் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டலாம், சரியாகச் சொன்னால் 0.508. இந்த இடுக்கில் துணி நுழையாது, விரல்நகமும் நுழையாது. திருவனந்தபுரத்துச் செம்மண் மட்டும் தாராளமாக நுழையும். கேரளத்தின் இந்தச் சிவந்த மண், இரும்பு மிகுந்த வெட்டுக்கல்லின் உறவு. ஃபிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்த இந்தக் கல்லுக்குத்தான் 1807இல் லேட்டரைட் என்று பெயர் சூட்டினார். லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தோண்டும்போது வெட்ட வருகிற இந்தக் கல், வெயிலும் காற்றும் பட்டால் இறுகிப்போகும். அதனால்தான் வீடு கட்ட உதவுகிறது. மட்டையின் காடிக்குள் புகுந்த மண்ணும் ஈரமாக இருக்கும்போது ஒரு இழுப்பில் வந்துவிடும். காய்ந்துவிட்டால் குடைந்துதான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீருக்கு அது மசியவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கென்றே கைக்கருவி ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி. ஒரு பக்கம் பித்தளைக் கம்பிகள், மறுபக்கம் நைலான் இழைகள், பக்கவாட்டில் மடக்கி நீட்டும் எஃகு முள். பையில் மாட்ட ஒரு கொக்கி, இழுத்தால் நீண்டு விட்டால் சுருளும் கயிறு. விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் ஸ்ரீவராகத்துக்காரர் முதலில் அதை வாங்கவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்து, கதைகளாகவும் எழுதிய அதே சாலைதான். அங்கே பொற்கொல்லர் சாமான் விற்கும் கடையில், பூந்திக்கொட்டை நீரில் நனைத்து நகையைத் தேய்க்கிற பித்தளைப் பிரஷ் கிடைத்தது. தங்கத்தையே கீறாதது எஃகையா கீறப் போகிறது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பிரஷின் இழைகள் மிகவும் மெல்லியவை என்பதால் காய்ந்த மண்ணிடம் அவை தோற்றன. ஈர மண்ணுக்கு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

பித்தளை ஏன், இரும்புக் கம்பி ஏன் கூடாது என்பதை அவர் காசு கொடுத்துக் கற்றார். துரு சுரண்டும் இரும்புப் பிரஷால் ஒருநாள் வெறியோடு தேய்த்தார். மண் போயிற்று. கூடவே குரோம் பூச்சில் மயிரிழைக் கீறல்கள் விழுந்தன. சங்குமுகம் கடற்கரை ஸ்ரீவராகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். உப்பு கலந்த காற்றுக்கு ஒரு கீறல் போதும். அடுத்த மழைக்குள் அந்தக் கீறல்களில் துருப் புள்ளிகள் பூத்தன. பித்தளை, குரோமையும் எஃகையும் விட மென்மையானது. தேய்ந்தால் அதுதான் தேயும். கருப்புப் பூச்சுள்ள வெட்ஜ்களில் மட்டும் பித்தளையையும் லேசாகவே ஓட்ட வேண்டும். டிரைவரின் முகத்துக்கும் வண்ணப் பூச்சுக்கும் நைலான்தான், பித்தளை அங்கே போகவே கூடாது.

எஃகு முள்ளைப் பற்றி அவர் கறாராக இருக்கிறார். காடியின் போக்கிலேயே, அழுத்தாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். குறுக்கே குத்தினால் காடியின் விளிம்பு மழுங்கும். ஈர மண்ணுக்கு முள்ளே வேண்டாம், தென்னை ஓலையின் ஈர்க்குச்சி போதும். அடிப்பக்கம் காடிக்கு ஏற்ற கனத்தில் இருக்கும், எஃகை ஒன்றும் செய்யாது, முறிந்தால் இன்னொன்று முற்றத்திலேயே கிடக்கும். அந்தக் கேடி கற்றுத் தந்த வித்தை இது. ஈர்க்குச்சி இல்லாதபோது மரத்தாலான டீயின் முனை உதவும். தேங்காய் நாரையும் அவர் முயன்று பார்த்தார். முகம் மினுங்கியது, காடிக்குள் நார் இறங்கவில்லை.

வேறு சில பாடங்களும் உண்டு. மட்டையை வாளியில் கழுத்துவரை மூழ்க வைக்கக் கூடாது. தண்டும் தலையும் சேரும் இடத்தில் நீர் இறங்கினால் உள்ளே துரு ஏறும். கொதிக்கும் நீர் அங்கே இருக்கும் பசையை இளக்கும். வெதுவெதுப்பான நீரில் முகம் மட்டும் நனைந்தால் போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டுப் பழக்கத்தில், துருப்பிடித்த வெட்ஜை இரவு முழுக்கப் புளிக்கரைசலில் ஊறப்போடலாமா என்று யோசித்திருக்கிறார். நல்லவேளை, செய்யவில்லை. பூச்சு உரிந்த இடத்தில் புளிப்பு நல்ல எஃகையும் தின்னும். பிரஷின் பித்தளைக்கு வேண்டுமானால் புளி போடலாம். மழைக்காலத்தில் மட்டைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தபோது, அது பிசுக்காகிப் புழுதியை வாரிக்கொண்டது. தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளியைத் துணியில் விட்டுத் துடைத்து வைத்தால் போதுமானது. ஆடப் போகுமுன் அதையும் துடைத்தெடுத்துவிட வேண்டும்.

எண்ணெயைத் துடைத்தெடுப்பதில் விதியும் இருக்கிறது. கோல்ஃப் விதி 4.1, ஆட்டத்தின் நடுவே மட்டையின் தன்மையை வேண்டுமென்றே மாற்றுவதைத் தடுக்கிறது. அடியைப் பாதிக்கும் நோக்கத்தோடு மட்டைத் தலையில் எதையும் பூசக் கூடாது. சுத்தம் செய்வதற்கு மட்டும் முழு அனுமதி. பந்தைத் துடைக்க எத்தனையோ கட்டுப்பாடுகள் இருக்கின்றன, மட்டையை எப்போது வேண்டுமானாலும் தேய்க்கலாம். இங்கேதான் அம்மி கழுவுவதற்கும் கொத்துவதற்கும் உள்ள வேறுபாடு வருகிறது. காடி சுத்தம் செய்யும் கருவிக்குப் பக்கத்திலேயே, பேனா போன்ற பிடியில் கூர்மையான முனை வைத்த இன்னொரு கருவியும் விற்பனைக்குக் கிடைக்கும். தேய்ந்த காடியைக் கூராக்குவதற்கானது அது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அதை வாங்கி ஒரு மாலை முழுக்க இழுத்தார். காடிகள் அகன்றன, விளிம்புகள் பிசிறடித்தன. அளவு மீறிய காடியுள்ள மட்டையால் போட்டியில் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம். அந்த வெட்ஜ் இப்போது பயிற்சிக்கு மட்டும்.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். இதற்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், தம் பிங் நிறுவனத்தின் ஐ 2 அயர்ன்களில் சதுரக் காடிகளை வெட்டினார். கூரான விளிம்பு பந்தின் தோலைச் சீவியதால் விளிம்பைச் சற்று உருட்டினார். அப்படி உருட்டியதால் காடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எங்கிருந்து அளப்பது என்ற தகராறு கிளம்பியது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தோடு 1990இலும் பிஜிஏ டூரோடு 1993இலும் சமரசம் ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியைப் பல ஆண்டுகள் கழித்தும் பார்க்க முடிந்தது. ரஃபிலிருந்து அடித்தாலும் பந்து நின்றுவிடுவதால், ஃபேர்வேயில் நேராக அடிக்கும் திறமைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்று விதி வகுப்போர் கருதினார்கள். 2010 முதல் காடியின் கொள்ளளவும், 25 பாகையும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் விளிம்பின் கூர்மையும் குறைக்கப்பட்டன. அதே ஆண்டு அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன், 1990 சமரசத்தின் பாதுகாப்பில் இருந்த பழைய பிங் வெட்ஜை எடுத்து வந்து ஆடினார். சர்ச்சை வெடித்தது.

புதிய விதியால் காடியின் கொள்ளளவு சிறுத்துவிட்டது. அதனால் இன்று காடியைச் சுத்தமாக வைத்திருப்பதன் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது என்பது என் கருத்து. இடம் குறைந்த வாய்க்காலில் சிறிது மண் சேர்ந்தாலும் நீர் போக வழி இராது.

இதையெல்லாம் கேடிகள் என்றோ அறிந்திருந்தார்கள். அடித்து முடித்த மட்டையை வாங்கி, துடைத்து, பைக்குள் வைப்பது அவர்கள் கை. இந்தியாவில் அந்தக் கைகளே பிறகு கோப்பைகளையும் தூக்கின. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். பிறர் மட்டைகளின் முகத்தை ஆயிரம் முறை பார்த்தவர்களுக்கு எந்தப் புல்லில் என்ன ஒட்டும் என்பது பாடமாகியிருக்கும். அவர்களைப் பை தூக்குபவர்களாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு.

ஸ்ரீவராகத்துக்காரரின் பழக்கம் இப்போது மாறிவிட்டது. அடித்ததும் மட்டை ஈரமாக இருக்கும்போதே மூன்று இழுப்புப் பித்தளை, ஒரு துடைப்பு, பிறகுதான் பை. துவாலையின் ஒரு முனையை மட்டும் நனைத்து வைத்திருக்கிறார், மறுமுனை உலர்ந்தே இருக்கும். ஈரமுனையால் மண்ணும், உலர்முனையால் நீரும் போகும். பந்தை அடிக்கும் முன் இன்னொரு முறை முகத்தைப் பார்க்கிறார். தம் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று விதிகள் பரிந்துரைக்கின்றன. அதனால் இந்த வேலையைப் பந்தை நோக்கி நடக்கும்போதே முடித்துவிடுகிறார். கவடியாரில் 9 குழிகள்தான். பதினெட்டு ஆட வேண்டுமென்றால் இரண்டு சுற்று வர வேண்டும். முதல் சுற்றில் ஒட்டிய மண் இரண்டாவது சுற்றுக்குள் காய்ந்துவிடும் என்பதை அவர் மறப்பதில்லை. பிரஷைப் பையின் வெளிப்பக்கத்தில், மட்டைத் தண்டுகளில் இடிக்காதபடி மாட்டியிருக்கிறார். தொங்கும் பித்தளை கிராஃபைட் தண்டில் ஒரு மாதம் உரசினால் பூச்சு போய்விடும் என்பதும் பட்டுத் தெரிந்ததே.

எல்லாம் செய்தும் ஈரப் புல்லில் பந்து சில நேரம் ஓடத்தான் செய்கிறது. முழுதாக நனைந்த புல்லில் எந்தக் காடியும் ஓரளவுக்கு மேல் உதவாது. அப்போது பந்தைக் கிரீனின் முன்பக்கத்திலேயே இறக்கி உருளவிடச் சொல்லுவார் கேடி. அந்த யோசனையை இப்போது அவர் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறார்.

நீங்களும் அடுத்த முறை மட்டையைப் பைக்குள் வைக்கும் முன் அதன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காடிக்குள் சிவப்பு தெரிந்தால் அங்கேயே, நின்ற இடத்திலேயே எடுத்துவிடுங்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்து இறுகியிருக்கும்.