உறைபனிக்கு முன் தோட்ட மரங்களைப் பேணல்

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில், சனவரி, பெப்ரவரி மாதங்களில், முகிலும் காற்றுமற்ற இரவுகளில் நிலம் வெப்பத்தை இழப்பதால் உறைபனி விழுவதுண்டு. குளிர்ந்த காற்றுப் பள்ளங்களில் தேங்குமாதலால், தோடை, ஆனைக்கொய்யாக் கன்றுகளைச் சரிவில் நடுதல் நன்று.

நவம்பருக்குப் பின் நைதரசன் பசளை இடுவதையும் கவ்வாத்துச் செய்வதையும் கமக்காரர் தவிர்த்தல் வேண்டும். அவற்றால் தோன்றும் இளந்தளிரே முதலிற் கருகும். அடிமரத்தைச் சுற்றியுள்ள சருகை விலக்கி, பகலில் நீர் பாய்ச்சுக. ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும். மாலையில் நான்கு தடிகளை நட்டு, இலையிற் படாதவாறு நிலம்வரை சாக்கினால் மூடுக, காலையில் அகற்றுக.

கருகிய கிளைகளை உடனே வெட்டலாகாது. புதிய அரும்பு தோன்றிய பின்னரே உயிருள்ள பகுதி எதுவெனத் தெரியும். அவசரப்பட்டு வெட்டினால், பிழைக்கக்கூடிய கன்றையும் இழக்க நேரிடும்.